ஃபாஸ்டிங் 98. அப்புறம் எதுக்கு ஏ1சி?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், 2024 ஜூன் 8, இரவு 9.40

எனக்கு 38 வயசு. கம்பெனி செக்கப்ல ஃபாஸ்டிங் சுகர், அதான் வெறும் வயித்து சுகர், 98 வந்துச்சு, நார்மல்னு எழுதிட்டாங்க. கூட வேலை செய்றவர் ஒருத்தர் மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டற ஏ1சி எடு, குளுக்கோஸ் குடிச்சு எடுன்னு நச்சரிக்கிறார். சுகர் இருந்தா தாகம் எடுக்கும், ராத்திரி நாலு தடவை எழுந்து போகணும், உடம்பு இளைக்கும். எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கிறவன் ரத்தத்தைக் கொடுத்து வியாதியை வாங்கிட்டு வர்றது லேப்காரனுக்கு வருமானம், நமக்கு பேஜாரு. இது என் கருத்து. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

பதில்: ஜூன் 8, இரவு 11.15

மறுக்கிறேன். தூக்கம் வருது, காலைல எழுதறேன்.

ஜூன் 9, ஞாயிறு

எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். உடம்புல ஒரு கிராம் கொழுப்பு கிடையாது. 47 வயசுல கால் பெருவிரல்ல இரும்புத் தகடு கிழிச்சுது. மஞ்சள் வெச்சார், களிம்பு வெச்சார், ஒரு மாசம் ஆறல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப சுகர் 380. விரலை எடுத்தாங்க. "தாகம் எடுக்கலையா பெரியவரே?"ன்னு டாக்டர் கேட்டதுக்கு அப்பா சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு: "வெயில்ல மூட்டை தூக்கறவனுக்கு எப்ப சார் தாகம் எடுக்காது?"

தாகம்னு ஒரு அடையாளத்தை நம்பிட்டு இருக்கிறதுல என்ன சிக்கல்னா, ரத்தத்துல சர்க்கரை ஏறக்குறைய 180 மி.கி.யைத் தாண்டினாத்தான் சிறுநீரகம் அதை வெளியே விட ஆரம்பிக்கும். அது தண்ணியையும் இழுத்துட்டுப் போகும், அதனாலதான் ராத்திரி எழுந்து போறதும் தாகமும். ஆனா வெறும் வயித்துல 126-லயே அதுக்குப் பேரு சர்க்கரை நோய். 126-க்கும் 180-க்கும் நடுவுல வருஷக்கணக்கா உக்காந்துட்டு இருக்கலாம், உடம்பு ஒரு வார்த்தை சொல்லாது.

ஜூன் 10

நம்பர் கேட்டிருக்காங்க. வெறும் வயித்துல 100-க்குக் கீழ நார்மல், 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-லேர்ந்து சுகர். (உலக சுகாதார நிறுவனம் எல்லைக்கோட்டை 110-லதான் ஆரம்பிக்குது. அதனாலதான் ஒரு டாக்டர் 104-ஐப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்றார், இன்னொருத்தர் மூஞ்சியைச் சுளிக்கிறார்.) 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 140-க்குக் கீழ நார்மல், 140 முதல் 199 எல்லைக்கோடு, 200-லேர்ந்து சுகர். ஏ1சி 5.7-க்குக் கீழ நார்மல், 5.7 முதல் 6.4 எல்லைக்கோடு, 6.5-லேர்ந்து சுகர். தொந்தரவு எதுவும் இல்லாம நம்பர் மட்டும் ஏறியிருந்தா, இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் முத்திரை குத்தணும்.

எனக்கு 43 வயசு. மூணு வருஷமா ஃபாஸ்டிங் 95, 97, 97. நானும் உன்னை மாதிரிதான் சட்டைக் காலரைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்பா.

என்னைக் கேட்டா ஏ1சி ஒண்ணு போதும். மூணு மாச ஜாதகம் அது. முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாத்த முடியாது.

ஜூன் 12

ரத்தமே எடுக்காம ஒரு கணக்கு இருக்கு, நம்ம சென்னையிலயே போட்டது. இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண், 2005-ல டாக்டர் மோகனோட குழு வெளியிட்டது. நாலே கேள்வி. வயசு 35-க்குக் கீழ 0, 49 வரை 20, அதுக்கு மேல 30. ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ.க்குக் கீழ 0, 90 முதல் 99 வரை 10, 100-லேர்ந்து 20. பொம்பளைக்கு இதே கணக்கு 80-லயும் 90-லயும். உடம்பு உழைப்பே இல்லன்னா 30, ஓரளவு இருந்தா 20. அப்பா அம்மால ஒருத்தருக்கு சுகர்னா 10, ரெண்டு பேருக்கும்னா 20. மொத்தம் 60 வந்தா கட்டாயம் ரத்தம் பாக்கணும்.

எம்.சி. ரோட்ல துணி தைக்கிற நண்பன்கிட்ட டேப் வாங்கி அளந்தேன். 96. "உன் பேண்ட் சைஸ் 34-னு சொன்ன?" 34 இன்ச் தொப்பைக்குக் கீழ கட்டற இடம்பா. தொப்பைக்குன்னு தனி அளவு இருக்கு, அதைத்தான் கேக்கறாங்க.

20, 10, 30, 10. எழுபது. கன்டெய்னர் யார்டுல பில்லிங் சீட்டு, நாள் பூரா நாற்காலி. மூட்டை தூக்கின அப்பாவுக்கே வந்துச்சு, பில் போடற எனக்கு எழுபது வராம?

ஜூன் 16, ஞாயிறு

போயிட்டேன். ஏ1சியோட குளுக்கோஸும் சேத்தே. காலை 7 மணிக்கு வெறும் வயித்து ரத்தம், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச தண்ணி, அஞ்சு நிமிஷத்துல குடிக்கணும். பாயசத்தை யாரோ சாபம் கொடுத்துக் கரைச்ச மாதிரி இருக்கும். எலுமிச்சை புழிஞ்சுக்க விடறாங்க, கேட்டு வாங்கிக்கோங்க.

ரெண்டு மணி நேரம் சும்மா உக்காரணுமேன்னு, நடந்தே காசிமேடு போய் மீன் வாங்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமைக் கூட்டம், வஞ்சிரம் கைல எட்டற விலை இல்ல, நெத்திலி மட்டும். திரும்பி வந்து ரத்தம் கொடுத்தப்ப லேப் அக்கா பையைப் பாத்தாங்க.

"எங்க தம்பி போயிருந்தீங்க?"

"மீனு வாங்க."

"நடந்தா?"

"ஆமாக்கா."

"ரெண்டு மணி நேரம் உக்காருங்கன்னு சொன்னது எனக்குத் துணைக்கா?"

சாயங்காலம் ரிசல்ட். ஃபாஸ்டிங் 96. ரெண்டு மணி நேரத்துல 151. ஏ1சி 5.6.

ஜூன் 17

ஜூன் 10-ல "ஏ1சி ஒண்ணு போதும்"னு எழுதினதை அடிச்சிடறேன். என்னோட ஏ1சி நார்மல், ஃபாஸ்டிங் நார்மல், குளுக்கோஸ் குடிச்சப்ப மட்டும் மாட்டிக்கிட்டேன். ஏ1சிங்கிறது சராசரி. ராத்திரி பூரா 90-ல படுத்திருந்து, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் ஏறி இறங்கினா சராசரில அமுங்கிடும். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு முதல்ல கெடறது பல பேருக்கு சாப்பாட்டுக்குப் பிந்தின சுகர்தான். ஃபாஸ்டிங் ரொம்ப நாளைக்கு நல்ல பிள்ளையா நிக்கும்.

இன்னொண்ணு. நடந்தா தசை சர்க்கரையை இழுத்துக்கும். அப்ப அந்த 151-ல காசிமேடு நடை கழிஞ்சிருக்கு. உண்மையான நம்பர் என்ன?

ஜூன் 20

"மூணு நாள் சோத்தை நிறுத்திட்டுப் போ, ரிசல்ட் ஜம்முனு வரும்"னு ஒருத்தர் யோசனை சொல்லியிருக்கார். குளுக்கோஸ் டெஸ்டுல அது நம்ம பக்கமே திரும்பிடும். மாவுச்சத்து இல்லாம மூணு நாள் இருந்த உடம்பு திடீர்னு 75 கிராம் வந்ததும் திணறும், நம்பர் பொய்யா ஏறும். மூணு நாள் எப்பவும் போல சாப்பிடணும், தினமும் குறைஞ்சது 150 கிராம் மாவுச்சத்துன்னு கணக்கு. பிட்டு அடிக்கப் போனவன் ஃபெயிலான கதை.

ஜூன் 29

மறுபடி போனேன். இந்தத் தடவை உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் சுவத்துல இருந்த காலண்டரை மனப்பாடம் பண்ணேன். 172.

கூட்டம் இல்லாததால அக்கா நல்லா பேசினாங்க. சுகருக்குச் சாம்பல் மூடி போட்ட குப்பி, ஏ1சிக்கு ஊதா மூடி. சாம்பல் மூடிக்குள்ள ஃப்ளோரைடு இருக்கும். ரத்தத்தைக் குப்பில பிடிச்சதுக்கு அப்புறமும் அதுல இருக்கிற அணுக்கள் சர்க்கரையைத் தின்னுட்டேதான் இருக்குமாம். சும்மா வெச்சா மணிக்கு அஞ்சு ஏழு சதவீதம் குறையும். ஃப்ளோரைடு அதைத் தடுக்கும், ஆனா முதல் ஒரு மணி நேரம் அதுவும் தடுமாறும். அதனால சீக்கிரமே மிஷின்ல சுத்தி அணுக்களைத் தனியா பிரிக்கணும்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க யார்டுல நடந்த முகாம் ஞாபகம் வந்துச்சு. காலை 7 மணிக்கு 200 பேர்கிட்ட ரத்தம் எடுத்தாங்க. ஜூன் வெயில்ல அட்டைப் பெட்டி மதியம் ரெண்டு மணி வரை செக்யூரிட்டி ரூம்ல கிடந்துச்சு. அந்த வருஷம் யார்டுல ஒருத்தனுக்கும் சுகர் இல்ல. கேக் வெட்டாத குறை. எந்த லேப்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். என்னோட 97-ல ஒண்ணு அங்கேர்ந்து வந்ததுதான்.

கொருக்குப்பேட்டை தம்பி, உன் 98 எந்தப் பெட்டில இருந்துச்சுன்னு விசாரி.

ஜூலை 3

டாக்டரம்மா மாத்திரை எழுதல. சென்னையிலயே டாக்டர் ராமச்சந்திரன் குழு செஞ்ச ஆய்வைச் சொன்னாங்க, 2006-ல வந்தது. என்னை மாதிரி எல்லைக்கோட்டு ஆளுங்க 531 பேர். சும்மா விட்ட கூட்டத்துல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு. நடை, சாப்பாடுன்னு மாத்திக்கிட்ட கூட்டத்துல 39 சதவீதம். மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ரெண்டையும் சேத்ததால கூடுதலா ஒண்ணும் கிடைக்கல.

மத்தவங்க இதை "பாதுகாப்பு"ன்னு படிப்பாங்க. நான் அந்த 55-ஐயே பாத்துட்டு இருந்தேன். பாதிக்கு மேல! அதுவும் மூணே வருஷம்.

நடக்க இடம் கேக்கறவங்களுக்கு: எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் வேணாம், கன்டெய்னர் லாரி புழுதில நுரையீரல் போயிடும். நான் ராபின்சன் பூங்காவுக்குப் போறேன். 1949-ல திமுக தொடங்கின அதே பூங்கா. ஒரு கட்சியே அங்கேர்ந்து நடக்க ஆரம்பிச்சுது, என்னால எட்டு சுத்து முடியாதா.

ஜூலை 21

ஆடி பொறந்துடுச்சு. தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ். "கேழ்வரகு தானே, சுகருக்கு மருந்து"ன்னு மூணு சொம்பு குடிச்சேன், கருவாட்டுக் குழம்போட. வீட்டுக்கு வந்து மச்சான் வாங்கி வெச்ச மிஷின்ல விரலைக் குத்தினா 236. வெலவெலத்துப் போயிட்டேன்.

என் பொண்ணு கேட்டா: "அப்பா, கையைக் கழுவுனியா? இப்பதானே மாம்பழம் நறுக்கின?"

கழுவிட்டுக் குத்தினேன். 168.

விரல்ல ஒட்டின மாம்பழச் சாறுக்கே வியாதி வந்துடும் அந்த மிஷின்ல. அது சுகர் உள்ளவங்க தினமும் பாத்துக்கறதுக்கு. வெச்சு இருக்கா இல்லையான்னு தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனா 168-உம் கொஞ்சமில்ல. அரைச்சுக் கரைச்ச கேழ்வரகும் மாவுச்சத்துதான், மூணு சொம்புன்னா மூணு சொம்பு மாவுச்சத்து. அம்மன் மன்னிக்கட்டும், அடுத்த வாரம் ஒரு சொம்பு.

ஆகஸ்ட் 4

நேத்து இங்க ஒரு அம்மா கேட்டாங்க: "இவ்ளோ எழுதறீங்களே, உங்க வீட்டுல அவங்களுக்குப் பாத்தீங்களா?"

பாக்கல. அவளுக்கு 38 வயசு. அபாயக் கணக்கு போட்டேன்: வயசுக்கு 20, இடுப்பு 84 செ.மீ.க்கு 10, உழைப்புக்கு 20, அவங்க அப்பா அம்மாவுக்குச் சுகர் இல்ல. ஐம்பது. என் எழுபதை விடக் கம்மி, அப்பால பாக்கலாம்னு மூடி வெச்சேன். சமையல்கட்டுலேர்ந்து சத்தமா சொன்னா:

"ஏங்க, சின்னவன் வயித்துல இருந்தப்ப எனக்கு சுகர் இருந்துச்சே, அதுக்கு எத்தனை மார்க்?"

அந்தத் தாள்ல அந்தக் கேள்வியே இல்ல. நாலு கேள்விதான்.

2016. அஞ்சாவது மாசம், மாநகராட்சி ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாங்க, 140-ஐத் தாண்டியிருந்தது. கர்ப்பிணிங்க எல்லாருக்கும் இந்த டெஸ்ட் வேணும்னு சென்னை டாக்டர் சேஷய்யா பல காலமா போராடிக் கொண்டுவந்தது, வெறும் வயிறா இருக்கணும்னுகூட கட்டாயமில்லாத முறை. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினா, குழந்தை நல்லபடியா பொறந்துச்சு, சுகர் இறங்கிடுச்சு. பிரசவமாகி ஆறு வாரம் கழிச்சு மறுபடி வந்து பாத்துக்கம்மான்னு சீட்டுல எழுதியிருந்தாங்க.

ஆறு வாரத்துல போகத்தான் போனோம். சின்னவனுக்கு 45 நாள் ஊசி. நான் குழந்தையைப் பிடிச்சிருந்தேன், எங்கம்மா கிலுகிலுப்பை ஆட்டினாங்க, நர்ஸ் தொடையில குத்தினாங்க. எட்டு வருஷம் முந்தி, ஒரே கட்டிடத்துல, பக்கத்து ரூம்ல லேப் இருந்துச்சு. அவ ரத்தத்தை எடுக்கணும்னு எங்க யாருக்குமே தோணல. குழந்தை அழுகையை நிறுத்தினதும் ஆட்டோ பிடிச்சோம்.

கர்ப்பத்துல வந்து போன சுகர் பின்னால நிரந்தரமா வர்ற வாய்ப்பு மத்த பொம்பளைங்களை விடப் பல மடங்கு. ஒண்ணுல இருந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுசுக்கும் பாக்கணும். நான் என் 97-ஐ மூணு தடவை பாத்த வருஷங்கள்ல அவளை ஒரு தடவை பாக்கல.

ஆகஸ்ட் 11

ஏ1சி மட்டும் எடுத்தோம். குளுக்கோஸ் குடிக்க அவளுக்கு நேரம் இல்ல, பசங்க ஸ்கூல். 6.5.

ஆகஸ்ட் 12, விடியக்காலை 3.20

தூக்கம் வரல. அவ நல்லா தூங்கறா.

ஆகஸ்ட் 18

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாத்ததும் சுகரைப் பத்திப் பேசவே இல்ல. அவ கண்ணோட கீழிமையை இழுத்துப் பாத்தாங்க. "மாசா மாசம் ரொம்பப் போகுதா?"ன்னு கேட்டாங்க. ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னாங்க. 8.9.

இரும்புச்சத்து குறைஞ்ச சோகைல ஏ1சி பொய்யா ஏறுமாம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டற சர்க்கரையைத்தான் ஏ1சி எண்ணுது. இரும்பு இல்லாதப்ப புது அணு வர்றது மந்தம், கிழ அணுக்களே சுத்திட்டு இருக்கும், அதுங்க மேல அதிக நாள் சர்க்கரை படிஞ்சிருக்கும். இதுவே, ரத்தம் இழந்து புது அணு வேகமா வந்தாலோ, ரத்தம் ஏத்தினாலோ, நம்பர் பொய்யா இறங்கும். நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு மேல சோகை. அப்ப ஏ1சி எத்தனை பேர்கிட்ட பொய் சொல்லியிருக்கும்?

குளுக்கோஸ் குடிச்சே ஆகணும்னுட்டாங்க. நேத்து லீவு போட்டுப் பசங்களை நான் பாத்துக்கிட்டேன். அவ உக்காந்தா. ஃபாஸ்டிங் 95, ரெண்டு மணி நேரத்துல 149.

ஆக அவளும் என் கட்சி. எல்லைக்கோடு. சுகர் இல்ல. இரும்பு மாத்திரை மூணு மாசம், டீயோட சேத்துப் போடக்கூடாது. டீயை விடச் சொன்னதுக்குத்தான் டாக்டரம்மா மேல கோவம் அவளுக்கு.

என் ஏ1சி இருந்ததை மறைச்சுது, அவளோடது இல்லாததைக் காட்டுச்சு. ஜூன் 10-ல நான் எழுதினதை ரெண்டாவது தடவையா அடிக்கிறேன், பேனா கிழிஞ்சாலும் பரவால்ல.

ஆகஸ்ட் 19

"அப்ப எதைத்தான்யா எடுக்கறது?" – நாலு பேர் கேட்டாச்சு. முடிஞ்சா வெறும் வயிறும் குளுக்கோஸுக்கு அப்புறமும். உக்கார நேரமில்லாதவங்க ஏ1சி எடுங்க, கூடவே ஹீமோகுளோபினும். காசில்லன்னா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசு தாண்டினவங்களுக்கு விரல்ல குத்திப் பாக்கறாங்க. 2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பையோட வர்றாங்க. எங்க தெருவுக்கு வர்ற அக்காவைப் பாத்து "அப்புறம் வாங்க"ன்னு கதவைச் சாத்தினவன்தான் நானும்.

நவம்பர் 14

இன்னைக்கு உலக நீரிழிவு நாள், இன்சுலின் கண்டுபிடிச்ச பேண்டிங்கோட பொறந்த நாள். கல்மண்டபம் பக்கம் முகாம் பந்தல், மைக்ல பாட்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல நாட்டுலயே முதல் நீரிழிவு கிளினிக்கைத் தொடங்கினது இந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலதான், அப்புறம் அவர் தனி மருத்துவமனை வெச்சதும் இந்த ராயபுரத்துலதான். எங்கெங்கேர்ந்தோ ரயிலேறி இங்க வர்றாங்க. எங்கப்பா அதே ராயபுரத்தை தினமும் சைக்கிள்ல கடந்து ஹார்பருக்குப் போனார்.

2023-ல வந்த தேசிய ஆய்வுல சுகர் உள்ளவங்க 10.1 கோடி, எல்லைக்கோட்டுல இருக்கிறவங்க 13.6 கோடி. அதுல ரெண்டு பேர் எங்க வீட்டுல ஒரே பாய்ல படுக்கிறோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

அவளுக்கு ஹீமோகுளோபின் 11.8. ஏ1சி 5.9. குதிச்சேன். டாக்டரம்மா குதிக்க விடல. இரும்பு மாத்திரைல புது அணு நிறைய வந்திருக்கும், அதுங்கள்ல சர்க்கரை படிய இன்னும் நாள் ஆகல, அதனால இந்த நம்பர் இப்ப கொஞ்சம் கீழயும் காட்டலாம்னாங்க. ஆடியில மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட். கூழுக்கு முன்னாடியே போயிடறதா அவளே தேதி குறிச்சிட்டா.

எனக்கு இடுப்பு 92. இன்னும் பத்து மார்க்ல கைய வைக்க முடியல, அதுக்கு 89 ஆகணும். அபாயக் கணக்குல இப்பவும் எழுபதா இல்லையான்னு எனக்கும் டெய்லர் நண்பனுக்கும் சண்டை. ராபின்சன் பூங்கால எட்டு சுத்து நடக்கிறது "உழைப்பு"ல சேருமா? அவன் சேராதுங்கறான். பொறாமை, அவன் இடுப்பு 104.

டிசம்பர் 8, இரவு 10.05

கொருக்குப்பேட்டை தம்பி ஆறு மாசம் கழிச்சு வந்து எழுதியிருக்கார், இதோ அப்படியே: "உங்க தொல்லை தாங்காம எல்லாம் எடுத்தேன். ஃபாஸ்டிங் 93, ரெண்டு மணி நேரத்துல 112, ஏ1சி 5.3, ஹீமோகுளோபின் 14.6. குளுக்கோஸ் குடிச்சு ஒரு காலை பூரா வீண், லீவு வீண், காசு வீண். நான் அன்னைக்கே சொன்னேன்."

சொன்னே. ஜெயிச்சே. ஒத்துக்கறேன்பா. நார்மலா வந்தவங்களுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும், 2027-ல வந்து மறுபடி திட்டு. ஆமா, உங்க வீட்டம்மாவுக்குப் பாத்தியா?